நீர்த்துக்கொண்டே போன சூப்

இன்றைக்கு இறாலும் இல்லை. சாந்தாமணி கிண்ணத்தை என் முன்னால் வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்கிறாள், ஆவி முகத்தில் அடிக்கிறது, கரண்டியை அடிவரை விட்டு ஒரு துழாவு துழாவுகிறேன், இல்லை, இறால் இல்லை. போன வெள்ளிக்கிழமை தேங்காய்ப்பால் போயிற்று. செவ்வாய்க்கிழமை சிப்பிக்காளான் போயிற்று. வியாழக்கிழமை தக்காளி. இப்போது மிச்சமிருப்பது வெந்நீர், உப்பு, ஒரு பிடி அரிசி நூடுல்ஸ், சில்லு சில்லாக நறுக்கிய பேரரத்தை, இரண்டு எலுமிச்சைப்புல் தண்டு, மேலே மிதக்கிற ஒற்றை நாரத்தை இலை. பதினைந்து நாளைக்கு முன்னால் இதே கிண்ணத்தில் இருந்ததைப் பார்த்தவர்கள் இது அதே சூப் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். வெள்ளை வெளேரென்று, மேலே சிவப்பாக எண்ணெய்ப் பொட்டுகள், ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு இறால், புளிப்பும் காரமும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு தொண்டையில் இறங்கும். "தாய்லாந்துல இருக்கிறவங்க குடுத்து வெச்சவங்க" என்று அன்றைக்குச் சொன்னேன், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இப்போது சிரிக்கவில்லை. இப்போது பார்க்கிறாள். முதல் கரண்டி உள்ளே போகும்போது என் முகத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்கிறாள். நல்லா இருக்கு என்று தலையை ஆட்டினால் நம்ப மாட்டாள், ஆட்டாவிட்டால் என் வயிற்றுக் கணக்கை எழுதுகிற நோட்டை எடுப்பாள். மேஜை சுவரோடு ஒட்டிக் கிடக்கிறது, எனக்கு இடது பக்கமும் முதுகுக்குப் பின்னாலும் சுவர், வலது பக்கம் ஃபிரிட்ஜ், எதிரே அவள். காற்றாடிக்கு நேர் கீழே என்று இந்த இடத்தை நானேதான் பிடித்தேன், இருபது வருடமாக இதுதான் என் இடம். எழுந்து வெளியே போக வேண்டுமென்றால் அவள் எழுந்து நாற்காலியை நகர்த்தி வழி விட வேண்டும். இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றியதேயில்லை.

"வகுறு எப்படி இருக்குதுங்க" என்கிறாள். பரவாயில்லை என்கிறேன். "பரவால்லைன்னா? வலி அஞ்சுக்கு எத்தனை?" இரண்டு என்கிறேன். உண்மையில் மூன்று, மூன்றரை. தொப்புளுக்குக் கீழே யாரோ ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கி, கொஞ்சம் விட்டு, மறுபடியும் முறுக்குகிறது. நேற்று ராத்திரியிலிருந்து இப்படித்தான். ஏன் என்றும் எனக்குத் தெரியும். அதுதான் கஷ்டம், தெரியும். இவள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி லேபில் உதவியாளராக இருபத்தொரு வருடம் வேலை பார்க்கிறவள், பியூரெட் கழுவுகிறவள், உப்புகளுக்குச் சீட்டு ஒட்டி வரிசையாக அடுக்குகிறவள். நான்கு மாதத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியில் டயட்டீசியன் பெண் 'லோ ஃபாட்மேப்' என்று ஒரு தாளை நீட்டி, வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, கோதுமை கூடாது, பருப்பும் பாலும் குறைக்கணும் என்று படிக்கப் படிக்க, நான் எதிரே சுவரில் மாட்டியிருந்த குடல் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன், இவள் பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டிருந்தாள். அப்புறம் என்னதான் சாப்பிடுறது என்று கேட்டதற்கு, தாய்லாந்து சூப் மாதிரி செஞ்சு பாருங்க, பூண்டு வெங்காயம் இல்லாமலே வாசனையா வரும் என்றாள் அந்தப் பெண். அன்று சாயங்காலமே சாந்தாமணி நாட்டு மருந்துக் கடையில் பேரரத்தை வாங்கினாள். எலுமிச்சைப்புல் நாற்றைக் கேட்டு வாங்கிவந்து மொட்டை மாடியில் பழைய பெயின்ட் வாளியில் நட்டாள். பூண்டை எண்ணெயில் வறுத்துவிட்டுப் பூண்டை எடுத்து எறிந்தாள். "வகுத்தைக் கெடுக்கிறது தண்ணியிலதாங்க கரையும், எண்ணெயில கரையாது, வாசனை மட்டும் எண்ணெய்க்கு வந்துரும்" என்று சொன்னபோது அவள் குரலில் இருந்த பெருமையை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. தேங்காய்ப்பாலை அளவு ஜாடியில் ஊற்றிக் குனிந்து கண்ணுக்கு நேராக வைத்துப் பார்ப்பாள், அறுபது மில்லி, கோட்டுக்கு மேலே ஒரு சொட்டு போகாது. ஆறாவது வாரத்தில் என் வயிறு அடங்கியது. முப்பது வருடமாக பஸ்ஸில் ஏறுமுன் எங்கே கக்கூஸ் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொள்கிறவன், அந்த வாரம் பழனிக்கு பஸ்ஸில் போய்விட்டு வந்தேன். அன்றைக்கு நோட்டில் அவள் போட்ட டிக் அந்தப் பக்கத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தமாக இருந்தது. அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்க்கிற கட்டம். "ஒரு நேரத்துல ஒண்ணைத்தாங்க மாத்தணும். ரெண்டை மாத்துனா எது பண்ணுச்சுன்னு தெரியாது." இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் சொல்வது போலவே என்னிடம் சொன்னாள். நானும் பள்ளிக்கூடப் பிள்ளை போலவே தலையாட்டினேன்.

இரண்டை மாற்றியது நான். ஐந்தாம் தேதி, வியாழக்கிழமை. அன்று முதல் தேங்காய்ப்பாலை நூற்றிருபது மில்லி ஆக்குவதாகத் திட்டம். கம்பெனியில் பம்பு கேசிங்குகளைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கி, ஓட்டை வழியே குமிழி வருகிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் எரிந்துபோய், கணபதி ஸ்டாப்பில் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் காளான் வண்டி. தோசைக்கல்லில் கரண்டி டங் டங்கென்று விழுகிறது, முட்டைக்கோசும் காளானும் மைதாவும் சிவப்பாகக் கொழகொழவென்று கொதிக்கிறது, மேலே பச்சை வெங்காயத்தை ஒரு கை அள்ளித் தூவுகிறார், கொத்தமல்லி. என் தாளில் விலக்கச் சொன்னது அத்தனையும் ஒரே தட்டில். வேண்டுமென்று நினைக்கக்கூட இல்லை, கை நீண்டுவிட்டது. அந்த வண்டிக்காரருக்கு என் வயிற்றைத் தெரியாது, அதுதான் காரணம் என்று அப்புறம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஓரமாக நின்று ஊதி ஊதித் தின்கிற பத்துப் பேரில் ஒருவனாக, அஞ்சுக்கு எத்தனை என்று யாரும் கேட்காத பத்து நிமிடம். வீட்டுக்கு வந்து வாயைக் கொப்பளித்து, சோம்பு மென்று, நூற்றிருபது மில்லி தேங்காய்ப்பால் ஊற்றிய சூப்பையும் குடித்தேன். ராத்திரி பிடித்துக்கொண்டது. காலையில் கேட்டாள், லேசாக வலி என்றேன். சொல்லியிருக்கலாம், அந்தக் காலையில் சொல்லியிருந்தால் சிரித்துக்கூட இருப்பாள். ஆனால் அவள் ஏற்கனவே நோட்டைத் திறந்து தேங்காய்ப்பால் மேல் ஒரு கோடு கிழித்துக்கொண்டிருந்தாள், ஒரு தேங்காய்ப்பால்தானே, போகட்டும் என்று விட்டுவிட்டேன். திங்கட்கிழமை மறுபடியும் வண்டி. செவ்வாய்க்கிழமை காலையில் சமையல்கட்டிலிருந்து அவள் குரல், "ஏனுங்க, காளானா இருக்குமோ?" யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், சட்டையில் மசாலா ஒட்டியிருக்கிறது, முடிந்தது என்று நினைத்தேன். நினைத்தபோது ஒரு நிம்மதிகூட வந்தது, இதையும் சொல்ல வேண்டும், நிம்மதிதான் முதலில் வந்தது. அவள் கையில் சிப்பிக்காளான் பொட்டலத்தோடு வந்து நின்றாள். "இந்தச் சிப்பிக்காளான் சேராதுன்னு யாரும் சொல்லலை. ஆனா நிறுத்திப் பார்த்துரலாமுங்களா?" பார்த்துரலாம் என்றேன். பார்த்துரலாம் என்று என் வாய்தான் சொன்னது. பொய் என்று ஒன்றை நான் சொல்லவேயில்லை, அதுதான் அதன் வசதி. அவள் கேட்பதற்கெல்லாம் ஆமாம் போட்டுக்கொண்டு வந்தேன், கிண்ணம் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டு வந்தது.

நூடுல்ஸை உறிஞ்சுகிறேன், ருசியில்லை, வெந்நீரில் நனைந்த நூல் மாதிரி இருக்கிறது. பேரரத்தைச் சில்லு ஒன்று பல்லில் மாட்டிக் காந்துகிறது. அவள் நாக்கை நனைக்கிற அளவுக்கு மட்டும் குடிக்கிறாள். அவளும் இதையேதான் சாப்பிடுகிறாள், நான்கு மாதமாக. இரண்டு அடுப்பு எதுக்குங்க என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்துக்கும் இதே டப்பா. ஸ்டாஃப் ரூமில் மற்றவர்கள் சாம்பாரைத் திறக்கும்போது இவள் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வாளாம், வாசனை வருதுன்னு இல்லீங்க, காத்து வருது என்று சொன்னாள். அவள் கையைப் பார்க்கிறேன். வளையல் முழங்கை வரைக்கும் போய் வருகிறது. இது எப்போதிலிருந்து? என் வயிற்றுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு அந்தக் கை தெரியவில்லை. இப்போது சொல்லிவிடலாம். இந்தக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு சொல்லிவிடலாம். அடுத்த கரண்டிக்குப் பிறகு. அடுத்ததற்கும் பிறகு. சொன்னால் என்ன கேட்பாள், ஏன் என்று கேட்பாள், பசி என்று சொல்ல முடியாது, ஆசை என்று சொன்னால் ஐம்பத்து மூன்று வயதில் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு என்று எனக்கே கேட்கிறது. "திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லியிருக்காங்க" என்கிறாள். தெரியும். "நாளைக்குப் பூரா வகுறு சுத்தமாகற மருந்தைத் தண்ணியில கலக்கிக் குடிச்சுட்டே இருக்கோணும். நான் லீவு சொல்லிட்டேன்." கொலனோஸ்கோபி, குடலுக்குள் கேமரா விட்டுப் பார்ப்பது. இரண்டு வருடத்துக்கு முன்னால் எடுத்தாயிற்று, ஒன்றுமில்லை, குடல் கோபப்படுகிற வியாதி, உயிருக்கு ஒன்றும் செய்யாது என்றார்கள். ஆனால் அவளுக்கு அது போதவில்லை. சூப்பிலிருந்து எதை எடுத்தாலும் வலி நிற்கவில்லையென்றால் வலி சூப்பில் இல்லை, வேறெங்கோ இருக்கிறது. அவள் கணக்கு சரிதான், நான் கொடுத்த விவரங்களை வைத்துப் பார்த்தால் அப்படித்தான் வரும்.

அவள் தம்பி ஆறுச்சாமிக்கும் முதலில் வாயு என்றுதான் சொன்னார்கள். அவனே அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான், மச்சான் ஒரு சோடா அடிச்சா சரியாப் போயிரும் என்பான், நானும் கூடப் போய் சோடா குடித்திருக்கிறேன், இருவரும் கடை வாசலில் நின்று மாறி மாறி ஏப்பம் விட்டுச் சிரித்திருக்கிறோம். ஒரு வருடம் சோடாவிலேயே போயிற்று. கண்டுபிடித்தபோது குடலைத் தாண்டி ஈரலுக்குப் போயிருந்தது. கடைசியில் அவனை நான்தான் தூக்கி உட்கார வைப்பேன், எடையே இல்லை, ஒரு நாள் அப்படித் தூக்கும்போது என் காதில், "நான் சோடான்னு சொன்னப்ப ஒருத்தராச்சும் என்னை நம்பாம இருந்திருக்கலாம் மச்சான்" என்றான். அதை நான் சாந்தாமணியிடம் சொல்லவில்லை. மூன்று வருடமாகச் சொல்லவில்லை. இந்த வலிக்குக் காரணம் காளான் வண்டிதான் என்று எனக்குத் தெரியும், ஆனால் நிஜமாகவே தெரியுமா? வண்டிக்குப் போன ராத்திரிகளில்தான் வருகிறது, போகாத நாளில் இல்லை. புதன்கிழமை காலையில் லேசாக ஒன்று வந்ததே, அது? அது திங்கட்கிழமை தின்றதன் மிச்சமா? ஆறுச்சாமிக்கும் ஒரு காரணம் தெரிந்துதானே இருந்தது, அவனும் ராத்திரி தின்ற பரோட்டாவைத்தானே சொன்னான். முறுக்குகிறது. மூன்றரை. விடுகிறது. நோட்டில் ஒழுங்காக எழுதியிருந்தால் இப்போது பார்த்துத் தெரிந்துகொண்டிருக்கலாம், உலகத்தில் இதைச் சரியாகச் சொல்லக்கூடிய நோட்டு அது ஒன்றுதான், அதையும் நானே கெடுத்துவைத்திருக்கிறேன். சமையல்கட்டு ஜன்னலில் வெளிச்சம் மங்குகிறது, ஆறே முக்கால் இருக்கும், பக்கத்து வீட்டில் எதையோ தாளிக்கிறார்கள், கறிவேப்பிலை வெடிக்கிற சத்தம், அடுத்து வெங்காயம் விழும், விழுகிறது. சாந்தாமணி கண்ணை ஒரு தடவை மூடித் திறக்கிறாள். பிறகு நோட்டை இழுத்துப் பென்சிலை எடுக்கிறாள். இறாலுக்கு எதிரே ஒரு கோடு. பென்சில் அதோடு நிற்கவில்லை, கீழே இறங்குகிறது. "இன்னி அடுத்தது அந்தப் புல்லுதான்" என்கிறாள், என்னிடம் இல்லை, நோட்டிடம். "நாளைக்குக் காத்தால அதையும் வேரோட புடுங்கிப் போட்டுரலாமுங்க."

"புடுங்காத" என்கிறேன்.

நிமிர்ந்து பார்க்கிறாள்.

"புல்லு ஒண்ணும் பண்ணலை. இறாலும் பண்ணலை. தேங்காய்ப்பாலும் பண்ணலை சாந்தா."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நேத்து சாயந்தரம் கணபதி ஸ்டாப்புல காளான் சாப்பிட்டேன். ரோட்டுக்கடைக் காளான்." கிண்ணத்து வெந்நீரை ஒரு வாய் விழுங்குகிறேன். "நேத்து மட்டும் இல்லை."

கத்துவாள் என்று நினைத்திருந்தேன், அழுவாள் என்று நினைத்திருந்தேன், இந்தப் பத்து நாளும் ராத்திரி படுத்துக்கொண்டு அவள் சொல்லப்போவதையெல்லாம் நானே சொல்லிப் பார்த்து அதற்குப் பதிலும் தயார் செய்துவைத்திருந்தேன், அதில் ஒன்றுகூட உதவவில்லை. நோட்டில் நான்கு பக்கம் பின்னால் திருப்பினாள். "எந்தெந்தத் தேதி?" என்றாள். சொன்னேன். ஐந்து. ஒன்பது. பதினொன்று. பதின்மூன்று. ஒவ்வொரு தேதிக்கும் நேராக 'ரோ. கா.' என்று சின்னதாக எழுதினாள், கையெழுத்து மாறவேயில்லை. "எத்தனை மணிக்கு?" சொன்னேன். "ஒரு பிளேட்டா?" ஒன்று, பதினொன்றாம் தேதி மட்டும் இரண்டு. எழுதினாள். ஒரு திருடனிடம் வாக்குமூலம் வாங்குகிற ஏட்டு இதைவிடக் கொஞ்சம் முகம் கொடுத்திருப்பான். எழுதி முடித்ததும் எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தாள், மேலிருந்து கீழே, கீழேயிருந்து மேலே. "சரியாத்தான் வருது" என்றாள். பிறகு நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "மேல வெங்காயம் போட்டாங்களா?" என்று கேட்டாள். அது விசாரணைக் குரல் இல்லை. புரியாமல் பார்த்தேன். "பச்சை வெங்காயமுங்க. கடைசியா மேல தூவுவாங்கல்ல." போட்டாங்க என்றேன். "நெறையாவா?" ஒரு கை நிறைய என்றேன். "மொறுமொறுன்னு இருந்துச்சா, இல்ல சூட்டுல வதங்கிப் போச்சா?" மேலே இருந்தது மொறுமொறுவென்று இருந்தது, அடியில் போனது வதங்கிவிட்டது என்று சொன்னேன். சொல்லும்போது என் வாயில் எச்சில் ஊறியது, அவள் தொண்டையும் ஏறி இறங்கியது, அதைப் பார்த்த பிறகு என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிரலாம்" என்றேன். "திங்கக்கிழமை போறோமுங்க" என்றாள். "அதான் காரணம் தெரிஞ்சு போச்சே?" "நீங்க சொல்லித்தானுங்க தெரிஞ்சுது." பென்சிலை நோட்டுக்குள் வைத்து மூடினாள். "நீங்க சொல்றதை இப்ப நான் கணக்குல எடுத்துக்க முடியாதுங்க." அப்படியே சாதாரணமாகத்தான் சொன்னாள், உப்பு தீர்ந்துவிட்டது என்பது போல. ஆறுச்சாமி காதில் சொன்னது ஞாபகம் வந்தது. இதோ ஒருத்தி நம்பாமல் இருக்கிறாள். சொல்லிவிடலாமா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிவிட்டேன், அதை இப்போது சொன்னால் எனக்கு நானே ஒரு சலுகை வாங்கிக்கொள்வது போல் ஆகிவிடும். அவள் எழுந்தாள். முகம் கழுவுகிற சத்தம் கேட்டது, பீரோ திறக்கிற சத்தம். வேறு புடவை கட்டிக்கொண்டு, பர்ஸை இடுக்கிக்கொண்டு வந்து சாவி ஆணியில் கை வைத்தாள். எங்கே என்றேன். "கணபதிக்கு." நானும் வர்றேன் என்று பாதி எழுந்தேன். "நீங்க சூப்பைக் குடிங்க" என்றாள். கேட் திறந்து, ஸ்கூட்டி இரண்டு தடவை இருமி, கிளம்பிப் போயிற்று. நாற்காலியைத் தள்ளிவிட்டுத்தான் போயிருக்கிறாள், வழி திறந்துதான் கிடக்கிறது, ஹாலுக்குப் போகலாம், மாடிக்குப் போகலாம், தெருவுக்கே போகலாம். நான் பாதி எழுந்த இடத்திலேயே மறுபடி உட்கார்ந்துகொண்டேன். அவளுடைய போன் மேஜை மேலேயே கிடந்தது. இந்நேரம் சனிக்கிழமைக் கூட்டம், சரவணம்பட்டி ரோட்டில் லாரிகள், அவளுக்கு இருட்டில் எதிர் வெளிச்சம் பட்டால் கண் கூசும். ஏழு ஐந்து. ஏழு இருபது. இதற்குள் போயிருப்பாள். தட்டை வாங்கிக்கொண்டு எங்கே நிற்பாள், அங்கே பெண்கள் தனியாக வந்து நின்று நான் பார்த்ததில்லை, மின்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு கல் உண்டு, அதில் உட்காரலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். சூப் ஆறிப்போயிருந்தது. ஆறிய பிறகு அதில் ஒன்றுமே இல்லை, புல் வாசனை மட்டும். குடித்தேன். அவள் சொன்னதில் இன்றைக்கு நான் செய்யக்கூடியது அது ஒன்றுதான் என்பதால் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்தேன். அவள் கிண்ணத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது, அதையும் இழுத்துக் குடித்தேன். வயிறு முறுக்கியது, விட்டது, முறுக்கியது. ஏழே முக்கால். போனை எடுத்து யாருக்குப் பேசுவது என்று தெரியாமல் வைத்தேன். இப்போதைய பயம் வயிற்றிலிருந்து வரவில்லை, அதற்கு எந்த இடத்தைக் கையால் அழுத்திக்கொள்வது என்றும் தெரியவில்லை.

எட்டு அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது கேட் சத்தம் கேட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு நேராகச் சமையல்கட்டுக்கு வந்தாள், நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். நான்கு மாதமாக இந்த வீட்டில் இல்லாத பச்சை வெங்காய வாசனை மேஜையைத் தாண்டி வந்தது. கண்ணிமை இரண்டும் வீங்கிச் சிவந்திருந்தன, மூக்கு நுனியும் சிவந்திருந்தது. காலியான இரண்டு கிண்ணங்களையும் பார்த்தாள். நான்தான் கேட்டேன், எப்படி இருந்துச்சு என்று, கேட்டுவிட்டு ஏன் கேட்டோம் என்று நினைத்தேன்.

"ரெண்டு பிளேட்டு சாப்பிட்டனுங்க" என்றாள். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "ரெண்டாவது பிளேட்டு சாப்பிடறப்ப அந்த வண்டிக்காரரு என்ற மூஞ்சியைப் பார்த்துட்டு, ஓடி வந்து தண்ணி குடுத்தாரு. காரம் ஜாஸ்திங்களாக்கான்னு கேட்டாரு."

நீ என்ன சொன்ன என்றேன்.

"ஆமான்னு சொல்லிட்டேன்" என்றாள்.